படிச்சவங்களுக்கு ஆயுசு கெட்டியா?

இந்த வாரத் தபாலில் பாதி படிப்பைப் பற்றி, மீதி உடம்பைப் பற்றி. டெல்டாக்காரர்கள் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நானும் சேர்த்தே பிரித்துவிட்டேன்.

● ‘கைநாட்டுப் பேரன்’, திருவையாறு

எங்கள் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 90 தாண்டியும் காவிரியில் முங்கிக் குளிக்கிறார். எம்.காம். படித்த அப்பாவுக்கு 50 வயதில் ஸ்டென்ட். படிப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்படியே ஒன்று கேட்டுப் பாருங்கள்: “உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் தாத்தா? அதில் தொட்டிலோடு போனவர்கள் எத்தனை?” தாத்தா பிறப்பதற்குச் சற்று முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருநூறு, ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு 13. பிழைத்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார், நமக்குத் தெரிகிறார். போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

அப்பா விஷயம்: நெஞ்சுவலியை ‘வாயு’ என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுக்காமல், நேரத்தோடு யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்டென்ட் என்பது படிப்பு தோற்றதற்கு அடையாளம் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது விவரம் இருந்ததற்கு அடையாளம்.

● வாசகர், பட்டுக்கோட்டை

குழந்தை நன்றாக இருக்க அம்மா படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்பா படித்தால் போதாதா?

அப்பா படித்தால் முதல் தேதி சம்பளம் வரும். அம்மா படித்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பேதியாகும்போது வைத்தியம் நடக்கும். அந்த நேரத்தில் அப்பா எங்கே இருப்பார் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் நைஜீரியாவில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார். வருமானமும் அப்பாவின் வேலையும் ஒரே மாதிரி இருக்கிற வீடுகளில்கூட, அம்மா பள்ளிக்கூடம் போயிருந்தால் குழந்தை பிழைப்பது கூடுகிறது என்று காட்டினார். அவள் மருத்துவமா படித்தாள்? இல்லை. படித்த மருமகள், மாமியார் உத்தரவுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ‘நாளைக்கு வா’ என்றவர்களிடம் ‘ஏன், இன்றைக்கு என்ன?’ என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் படித்தது மறந்துபோயிருக்கலாம், திருப்பிக் கேட்கிற தைரியம் தங்கிவிட்டது.

2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 175 நாடுகளின் கணக்கு வந்தது. 1970-லிருந்து 2009 வரை குறைந்த குழந்தை மரணங்களில் பாதி, பெண்கள் கூடுதலாகப் படித்ததால் குறைந்தவை என்றது. மீதிப் பாதியில்தான் மற்ற எல்லாமும்.

● இளம் தாய், பாபநாசம்

பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியில் படிக்க என்ன இருக்கிறது? கரைத்துக் கொடுக்க வேண்டியதுதானே?

எதில் கரைத்தீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னப் பாக்கெட், 200 மில்லிக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உறையில் வருகின்றன. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் குழந்தைக்கு உப்பு ஏறிப்போகும். சின்னதை ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் பள்ளிக்கூடம்.

இன்னொன்று. பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீரையும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயர் போட்டு வெகுநாள் விற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதற்கும் அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடைபோட்டது. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம். எப்போதும் திருப்பிப் பாருங்கள்.

● ‘கணக்கில் வீக்’, கும்பகோணம்

படித்தால் ஆயுள் கூடும் என்றால், எங்கள் ஊர் ராமானுஜன் ஏன் 32 வயதில் போனார்?

கொக்கி போட்டுவிட்டீர்கள். கணித மேதை ராமானுஜன் 1914 முதல் ஐந்து வருடம் இங்கிலாந்தில் இருந்தார், அதில் பெரும்பகுதி முதல் உலகப்போர்க் காலம். சைவச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். காசநோய் என்று வைத்து வைத்தியம் பார்த்தார்கள். 1919-ல் திரும்பி வந்தவர் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அது காசநோயே அல்ல, ஈரலில் தங்கிய அமீபா கிருமியாக இருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் என்ற ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளை அலசி 1994-ல் எழுதினார்.

மேதைமை வேறு, உடம்பைக் காக்கும் படிப்பு வேறு. எண்களின் ரகசியம் தெரிந்தவருக்கும் நல்ல தண்ணீரும் வேளைக்குச் சோறும் சரியான நோய்க்கணிப்பும் வேண்டும். ஒரு தனி மனிதரின் கதையை வைத்துக் கோடிப்பேரின் கணக்கைப் பொய்யாக்க முடியாது. இதை ராமானுஜனே ஒப்புக்கொள்வார், அவர் கணக்கில் ஸ்ட்ராங்.

● வாசகர், மன்னார்குடி

என் நண்பர் முதுகலைப் பட்டதாரி. தினம் ஒரு பாக்கெட் சிகரெட்.

எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் 2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை போட்டார்கள். உங்கள் நண்பர் மீதி 15 சதவீதத்தை மட்டும் படிக்கிறார்.

● வாசகி, மகாமகக்குளம் மேல்கரை, கும்பகோணம்

எங்கள் ஊர் என்றால் வெற்றிலை, டிகிரி காபி, பாத்திரம். ஆனால் பெரியவர்கள் சிலர் யானைக்காலை ஏன் நினைவுபடுத்துகிறார்கள்?

காரணம் இருக்கிறது, அம்மா. யானைக்கால் நோய்க்குக் கும்பகோணம் ஒரு காலத்தில் பெயர்போன ஊர். பரப்புவது சாக்கடையில், தேங்கிய கழிவுநீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு. அந்த ஊரில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருந்தவர் சாம்பசிவன். வந்த நோயாளிக்குக் காலைக் கட்டி அனுப்பிவிட்டு வருமானம் பார்த்திருக்கலாம். அவரோ ஊர்மக்களைத் திரட்டிக் கொசு பிறக்கும் இடங்களைத் தேடி ஒழிக்க இறங்கினார். அவருடைய மகன்தான் பின்னாளில் நெல்லும் கோதுமையும் பெருக வழிசெய்த எம்.எஸ். சுவாமிநாதன். மனம்வைத்து உழைத்தால் எதுவும் முடியும் என்பதை அப்பாவிடம் கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கிற விதமே ஒரு பாடம். நுண்புழு பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும். கொசு கடிக்க வரும் ராத்திரியில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். அதனால் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி விரலில் ஊசி குத்துவார்கள். ‘பகலில் வரக் கூடாதா?’ என்று திட்டுபவர் ஒரு ரகம். ‘ராத்திரி ஏன்?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்து வீட்டையும் எழுப்பிவிடுபவர் இன்னொரு ரகம். நோய் குறைந்தது இரண்டாவது ரகத்தால்.

● ‘பெரிய கோயில் புறா’, தஞ்சாவூர்

சரபோஜி மன்னர் கண் ஆபரேஷன் செய்தாராமே? ராஜாவின் கத்திக்கு முன்னால் எவன் தைரியமாகப் படுத்தான்?

படுத்தவர்களின் விவரம் ஏட்டில் இருக்கிறது, அதுதான் விசேஷம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவசாலை வைத்து, நம் வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் ஒரே கூரையில் நடத்தினார். கண்நோயாளியின் நிலை என்ன, என்ன செய்யப்பட்டது, பிறகு எப்படி இருந்தது என்ற குறிப்புகள், கண்ணின் வண்ணப்படத்தோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ‘எனக்குக் கைராசி’ என்று சொல்வதோடு நிற்காமல் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்தால்தான் அடுத்தவன் சரிபார்க்க முடியும்.

அந்தக் காலத்துத் தஞ்சைச் சத்திரங்களையும் கவனியுங்கள். வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்கு வாத்தியார், நோயாளிக்கு வைத்தியர், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கவனிப்பு எல்லாம் ஓரிடத்தில் நடப்பதாக 1801-ல் ஆங்கிலேய அதிகாரிக்குச் சரபோஜி கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேறு வேறு இலாகா என்று பிரித்தது நாம்தான்.

● விவசாயத் தொழிலாளி, திருத்துறைப்பூண்டி

எங்கள் பாட்டன் காலத்தில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடவில்லை. அப்போது படி, ஆரோக்கியமாக இரு என்று யாரும் சொல்லவில்லையே?

சொல்லவில்லை. வாயைத் திறந்து கேட்டால் சவுக்கடி, சாணிப்பால். கீழத்தஞ்சைப் பண்ணையாட்களுக்கு நடந்த கொடுமை அது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அவர்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகுதான், 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாட்டுச் சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றிய ஊரில், ‘கை கழுவிவிட்டுச் சாப்பிடு’ என்று பாடம் நடத்துவது கேலிக்கூத்து.

உங்கள் கேள்வி எனக்குப் பெரிய பதிலைக் கொடுக்கிறது. படிப்பு உடம்பைக் காப்பது எழுத்தால் மட்டும் இல்லை, எதிர்க்கேள்வி கேட்கும் உரிமையால். கூலி, வீட்டுமனை, குடிதண்ணீர் இல்லாமல் வெறும் எழுத்து சோறு போடாது. ஆனால் அவற்றைக் கேட்டு வாங்க எழுத்து உதவும். உங்கள் பாட்டனிடம் பண்ணை பறித்தது புத்தகத்தை மட்டும் இல்லை.

● வாசகர், குத்தாலம்

அப்படியானால் பணம் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்!

அப்படியும் சொல்ல முடியாது. பணக்கார நாடு என்ற பெயர் இலங்கைக்கு என்றும் இருந்ததில்லை. 1945-ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், அதோடு அரசின் இலவச வைத்தியமும் சேர்ந்து, அதைவிடப் பணமுள்ள பல நாடுகளைவிட அங்கே குழந்தைகளைப் பிழைக்கவைத்தன. கேரளமும் அதே கதை. முன்பு சொன்ன அதே கால்டுவெல் 1986-ல் இந்த இரண்டையும் கோஸ்டாரிகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழை நாடு எப்படி நீண்ட ஆயுளை எட்டியது என்று எழுதினார். மூன்றிலும் பொதுவாக இருந்தது: படித்த பெண்கள், நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி, தட்டிக்கேட்கிற ஜனங்கள். பணம் ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டும். உள்ளே டாக்டர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க ஜனங்கள்தான் வேண்டும்.

● கல்லூரி மாணவி, கந்தர்வகோட்டை

புதுக்கோட்டையில் அறிவொளிக் காலத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்களாம். சைக்கிள் எதற்கு?

எழுத்து கற்ற பெண் அடுத்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக யார் தயவை நாட வேண்டும்? 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது புதுக்கோட்டை ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அவர் கொடுத்த ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கூச்சத்தை உதறிவிட்டு மிதித்தார்கள். கல்குவாரித் தொழிலாளி, நர்ஸம்மா, அங்கன்வாடி ஆயா, எல்லோரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், தண்ணீர்க்குடம் சுமக்கும் முதுகு மிச்சம், அண்ணன் தம்பி கையை எதிர்பார்ப்பதும் மிச்சம். சுகாதாரத்துக்குப் போக ஒரு வழி, ஹேண்டில்பார் வழி.

● வாசகர், மயிலாடுதுறை

எங்கள் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு தாலிக்குத் தங்கம். இப்போது கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். இது படிப்புத் திட்டம்தானே, ஆரோக்கியத்துக்கு என்ன?

1989-ல் திருமண உதவியாகத் தொடங்கியதே, பெண்ணை ஒரு வகுப்பு வரை படிக்கவை என்ற நிபந்தனையோடுதான். 2022 செப்டம்பர் 5 அன்று அது ‘புதுமைப்பெண்’ ஆனது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகிறவளுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் இருக்கும் மூன்று வருடமும் கல்யாணப் பேச்சு வாசலில் நிற்கும். இருபது வயதுக்கு முன் பிள்ளை பெறுவதில் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் எடைக்குறைவு என்பது எந்தப் பிரசவ வார்டு நர்ஸும் சொல்வது. கல்யாணத்தைத் தள்ளிப்போடும் எதுவும் பிரசவ வார்டுக்கு உதவி. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய அம்மையாருக்கு, தங்கத்தைவிட இதுதான் பொருத்தமான மரியாதை.

● ஆசிரியை, திருக்குவளை

காலை உணவு போட்டால் பிள்ளைகள் படிப்பார்களா, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்களா?

பசியோடு உட்கார்ந்த பிள்ளை விழித்திருந்தும் தூங்குகிறது. 1956-ல் காமராஜர் மதியச் சோறு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2023 ஆகஸ்ட் 25 அன்று உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்தே காலை உணவுத் திட்டம் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இங்கே படிப்பால் ஆரோக்கியமா, ஆரோக்கியத்தால் படிப்பா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். உப்புமா இறங்கிய பிறகு இரண்டும் வரும். தூங்கினால் உங்கள் பாடத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், டீச்சர்!

● குறுவை விவசாயி, நீடாமங்கலம்

பூச்சி மருந்து டப்பாவில் பச்சை முக்கோணம் போட்டிருந்தது. ‘பச்சைதானே, ஒன்றும் செய்யாது’ என்று கடைக்காரர் சொன்னார். சரியா?

டிராஃபிக் சிக்னலை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். டப்பாவில் இருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு: மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள்: கடும் நஞ்சு. நீலம்: நடுத்தரம். பச்சை: குறைந்த நஞ்சு. ‘நஞ்சே இல்லை’ என்று ஒரு நிறம் கிடையாது. படிக்காதவருக்கும் புரியட்டும் என்று நிறம் வைத்தார்கள். மஞ்சளை மங்களகரம் என்றும் பச்சையைப் ‘போகலாம்’ என்றும் நம் ஆட்கள் படித்துவிட்டார்கள்.

டப்பாவோடு மடித்துவைத்த தாளில் எழுத்து எறும்பு அளவு இருக்கும். பத்தாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டு நான்கு விஷயம் மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்: ஏக்கருக்கு எவ்வளவு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், உடம்பில் பட்டால் என்ன செய்வது, மாற்று மருந்து என்ன. காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். ஸ்பிரேயர் நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

● வாசகர், வேதாரண்யம்

வரப்பில் பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டச் சொல்லி அந்தக்காலப் பாடப்புத்தகத்தில் படித்தேனே?

படித்ததை மறப்பதும் படிப்புதான். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கால் போகலாம். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பாம்பை அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. கடித்த காலை எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். மந்திரிப்பவர் வீட்டில் கழியும் அரைமணி நேரம்தான் நிஜமான விஷம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் கணக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது.

அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுப்பவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ. பட்டம் வாங்காத அறிவும் பட்டதாரியின் உயிரைக் காக்கும்.

● ‘பொன்னி சோற்றுப் பிரியர்’, ஒரத்தநாடு

சுகர் என்பது படித்த, பணக்கார வியாதிதானே? வயலில் இறங்குகிறவனுக்கு ஏது?

பழைய செய்தி. 2011-ல் ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் பெரியவர்களில் 10.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. 2017-ல் 15 மாநிலக் கணக்கு வந்தது. வசதியான மாநிலங்களின் நகரங்களில் மேல்தட்டைவிடக் கீழ்த்தட்டில்தான் நோய் அதிகம் என்றது. படித்தவர் கூகிளில் தேடி, சோற்றைக் குறைத்து, காலையில் நடக்கப் போய்விட்டார். நாற்றுநட இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து, வயலில் இறங்குகிறவரின் உடலுழைப்பு குறைந்தது. தட்டில் சோறு மட்டும் பழைய அளவில் நிற்கிறது.

சோறு என்றதும் இன்னொன்று. தஞ்சைப் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பேச்சே தெரியாது. ஆனால் நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கினார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். வெள்ளை வெளேரென்று பட்டை தீட்டிய பச்சரிசிதான் கௌரவம் என்பது, மில்லும் காசும் வந்தபிறகு நாம் கற்ற கெட்ட பாடம்.

● புதுமாப்பிள்ளை, நாகப்பட்டினம்

என் மனைவி எம்.எஸ்சி. அப்படியும் பிரசவத்துக்கு ஜோசியரிடம் நேரம் குறித்து சிசேரியன் என்கிறார்கள். என்ன செய்ய?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில். கும்பிடலாம். அதே கணக்கில் நூற்றுக்கு 45 சிசேரியன். ஊர் முழுக்கக் கணக்குப் பார்த்தால், பத்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் போவதால் கூடுதல் உயிர் பிழைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேவையான நேரத்தில் சிசேரியன் உயிர்காக்கும், தயங்கவே கூடாது. ஆனால் ‘தேவை’யை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர். ஜோசியருக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை? ‘மருத்துவக் காரணம் என்ன டாக்டர்?’ என்று இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

● வாசகி, திருவாரூர்

நானும் பட்டதாரி, மகளும் பட்டதாரி. இருவருக்கும் ரத்தசோகை. படிப்பு என்ன செய்தது?

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்த மாநிலத்துக்கு இது அவமானம்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டுகிற வழக்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் ரத்துசெய்யவில்லை. முருங்கைக்கீரை, முட்டை, மீன் முதலில் உங்கள் தட்டில் விழட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள், காபி அதை உடம்பில் சேரவிடாது. டிகிரி காபியானாலும்!

● ‘வாட்ஸ்அப் சித்தப்பா’, தஞ்சாவூர்

தடுப்பூசி வேண்டாம் என்று வரும் வீடியோவில் டாக்டர் கோட்டு போட்டவர்தானே பேசுகிறார்?

நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவரிடம் பட்டா கேட்பீர்களா? 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட வந்தபோது தமிழ்நாட்டில் வதந்தி பறந்தது. ஆங்கிலப் பள்ளிப் பெற்றோரும் பயந்து தடுத்தார்கள், தேதியை நீட்டிப் போட வேண்டியதாயிற்று. படிக்கத் தெரிவது ஒன்று, எதை நம்புவது என்று தெரிவது இன்னொன்று. அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சித்தப்பா. குடும்பக் குரூப்பும் நிம்மதியாக இருக்கும்.

● ஒரு தந்தை, வல்லம்

படிப்பே உடம்பைக் கெடுக்கிறதே! நுழைவுத்தேர்வுக்காக மகள் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாள்.

படித்தது மூளையில் தங்குவதே தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அவள் சாப்பிடாமல், பேசாமல், ஒதுங்கி இருந்தால் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள், அவளைப் பற்றிப் பேசுங்கள். 104, 14416 இரண்டு எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசம். தேர்வு அடுத்த வருடமும் வரும்.

● வாசகர், கும்பகோணம்

பள்ளிக்கூடம் உயிரைக் காக்கும் என்கிறீர்கள். எங்கள் ஊரில் 2004-ல்?

2004 ஜூலை 16. பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள். சமையல் தீ கூரையில் பற்றியது. ஓலைக்கூரை, குறுகலான படி, ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிய பிள்ளைகள். அனுமதித்த அதிகாரிகள் எல்லாம் படித்தவர்கள். இதற்குச் சாமர்த்தியமான பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக்கூரை போனது, விதிகள் வந்தன. 94 பேர் போன பிறகு வந்த விதி. பள்ளியில் சேர்க்கும்போது நன்கொடை எவ்வளவு என்று கேட்கிற நாம், வெளியேற எத்தனை வழி, தீயணைப்புச் சான்று எங்கே என்று கேட்டாக வேண்டும்.

● ஓய்வுபெற்ற எழுத்தர், திருக்காட்டுப்பள்ளி

கேள், கேள் என்கிறீர்கள். டாக்டரிடம் கேட்டால் ‘நீ டாக்டரா, நான் டாக்டரா?’ என்கிறாரே!

‘நீங்கள்தான் டாக்டர், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டிருக்கிறது. சீட்டைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். எனக்கு என்ன நோய், இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் தெரியாமல் வெளியே வந்தால் பி.எச்டி. வாங்கியவரும் கைநாட்டுதான்.

● வாசகி, அம்மாப்பேட்டை

கடைசியாக, ஒரே வரியில்: படித்தவர்களுக்கு ஆயுசு கெட்டியா?

கேட்கிறவர்களுக்குக் கெட்டி. அதனால் மகளைப் படிக்கவையுங்கள். அவள் எதிர்த்துக் கேள்வி கேட்டால் ‘வாயாடி’ என்று அடக்காதீர்கள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் உங்களுக்காகக் கேட்கப்போவதும் அந்த வாய்தான்.